அரசியல் சட்டமா, புது வேதமா?



அரசியல் சட்டம் என்பதாக ஒன்று 1950-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி முதல் இந்நாட்டில் அமுலில் இருந்து வருகின்றது. அது யாருடைய பேரால் எழுதப்பட்டது என்றால், மக்களாகிய நம்முடைய பேராலேயே எழுதப்பட்டது என்று அதன் முகப்பிலேயே சொல்லப்பட்டிருக்கின்றது. அப்படி நம் பேரால் எழுதப்பட்ட பத்திரத்தில் 1951 முதல் 2023 முடிய 106 தடவை திருத்தமும் செய்தாகிவிட்டது. ஆனால் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் நூறு பேரை நிறுத்தி, இந்த 106-ல் ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? கல்வராயன் மலையில் வெள்ளிமலைச் சந்தையில் கேட்டால் எத்தனை பேர் சொல்லுவார்கள்?

இதனால் மக்களை மடையர்கள் என்று சொல்ல வருகின்றோமா என்றால், இல்லவே இல்லை. அரைக்காணி நிலம் வாங்குகின்ற ஒரு குடியானவன் பத்திரத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்கின்றான். நான்கு மால் என்ன, வழிப்பாதை எங்கே, கிணற்றில் பாத்தியதை எவ்வளவு என்று ஒவ்வொன்றாய் விசாரித்த பிறகே கைநாட்டு வைக்கின்றான். அப்படிப்பட்டவனுக்கு அரசியல் சட்டம் மட்டும் ஏன் விளங்காமற் போயிற்று? அதை எவரும் அவனுக்கு விளங்கும் பாஷையில் படித்துக் காட்டவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் என்ன இருக்க முடியும்?

புரோகிதன் மந்திரம் சொல்லுகின்றான். தாலி கட்டுகிறவனுக்கும் அர்த்தம் தெரியாது. கட்டிக் கொள்ளுகிறவளுக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதற்குப் பெருமை. தெரிந்துவிட்டால் தட்சணை போய்விடும். இன்று சட்டத்தையும் அப்படியே ஆக்கி வைத்திருக்கின்றார்கள். புத்தகத்திற்கு மாலை போடுகின்றார்கள்; மேடையில் வைத்து வணங்குகின்றார்கள்; அதைக் கையில் தூக்கிக் காட்டி ஓட்டுக் கேட்கின்றார்கள். உள்ளே என்ன இருக்கின்றது என்று திறந்து படித்துக் காட்டுவதற்கு மாத்திரம் ஆள் இல்லை. கும்பிடுகின்ற புத்தகம் எதுவும் படிக்கிற புத்தகமாய் இருந்ததில்லை என்பதுதான் நாம் கண்ட அனுபவம்.

ஆனால் வேதத்திற்கும் இந்தச் சட்டத்திற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வேதத்தை எவரும் எழுதவில்லை, ஆகவே எவரும் மாற்ற முடியாது என்கின்றார்கள். இந்தச் சட்டமோ மனிதர்கள் எழுதியது, மனிதர்கள் மாற்றுவது. மாற்றுகிற விதமும் அதிலேயே 368-வது ஷரத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. அதைச் சாதாரணமாய்ச் சொல்லுவோம். பார்லிமெண்டின் இரண்டு சபைகளிலும் தனித்தனியே இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். வந்திருந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குபேர் சம்மதிக்க வேண்டும் என்பது ஒன்று. அந்தத் தொகை சபையின் மொத்த மெம்பர்களில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. மக்கள் சபையில் 543 இடங்கள். 450 பேர் ஓட்டுப் போட்டால் 300 பேர் சம்மதம் வேண்டும். 360 பேர் மாத்திரம் ஓட்டுப் போட்டால் 240 பேர் மூன்றில் இரண்டு பங்குதான். என்றாலும் மொத்தத்தில் பாதிக்கு மேல் என்றால் 272 ஆயிற்றே! ஆகவே அது செல்லாது. மாகாணங்களின் அதிகாரத்தைத் தொடுகின்ற சில விஷயங்களில், மாகாணச் சட்டசபைகளில் பாதியும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் இரகசியம். இதில் மூன்றாம் வகுப்புக் கணக்கைத் தவிர வேறு என்ன இருக்கின்றது?

நிற்க. திருத்தச் சட்டம் என்பது எப்படி எழுதப்படுகின்றது என்று பாருங்கள். 1988-ல் நிறைவேறிய 61-வது திருத்தத்தின் முழுச் சாரமும், 326-வது ஷரத்தில் “இருபத்தொரு வயது” என்றிருக்குமிடத்தில் “பதினெட்டு வயது” என்று போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான். 326 எதைப்பற்றியது என்று தெரியாதவனுக்கு இதில் என்ன தெரியும்? அது ஓட்டுரிமையைப் பற்றியது. ஒரு சொல்லை எடுத்து ஒரு சொல்லை வைத்ததில் தேசம் முழுவதும் 18, 19, 20 வயது வாலிபர்கள் 1989 முதல் ஓட்டர்களாகி விட்டார்கள். ஆதலால் திருத்தத்தை மாத்திரம் படித்துப் பிரயோஜனமில்லை. பழையது என்ன, புதியது என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால்தான் அது விளக்கம்.

எனவே எந்தத் திருத்தத்தைப் பற்றி எவர் வந்து மேடையில் பேசினாலும், நம் தோழர்கள் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். முன்பு இருந்தது என்ன? இப்போது மாறியது என்ன? இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? யார் செய்ய வேண்டும், எந்தத் தேதி முதல்? விட்டுப்போனது யார்? இந்த ஐந்தையும் கொண்டு சில திருத்தங்களைத் தட்டிப் பார்ப்போம்.

முதல் திருத்தம், 1951. இது நம் சென்னை மாகாணத்தில் பிறந்தது. முன்பு இருந்தது என்ன? வகுப்புவாரி உத்தரவு. அதன்படி கல்லூரியில் 14 இடம் என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. புதிய அரசியல் சட்டம் வந்ததும் செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார் வைத்தியக் கல்லூரி விஷயமாக வழக்குப் போட்டார். அந்த அம்மையார் கல்லூரிக்கு மனுவே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே தெரிகின்றது. இருந்தும் 1950-ல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று சொல்லிவிட்டன. பெரியார் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். மாகாணம் எங்கும் கண்டனம் எழுந்தது. 1951 ஜூன் மாதத்தில் 15-வது ஷரத்தில் நான்காவது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. சமுதாயத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பாருக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், மலைவாசிகளுக்கும் சர்க்கார் தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் பொருள். இதுதான் இன்று கல்லூரியில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குக் கால்.

ஆனால் அதே திருத்தத்தில் வேறு என்ன இருந்தது என்பதை எத்தனை பேர் சொல்லுகின்றார்கள்? பேச்சுரிமைக்கு இருந்த வேலியை அதே திருத்தம் இன்னும் நெருக்கிக் கட்டிற்று. பொது ஒழுங்கு என்றும், அந்நிய நாட்டுச் சிநேகம் என்றும், குற்றத்துக்குத் தூண்டுதல் என்றும் புதிய காரணங்கள் உள்ளே நுழைந்தன. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களைக் கோர்ட்டிலிருந்து காப்பாற்ற ஒன்பதாவது அட்டவணை என்ற இரும்புப் பெட்டியும் அப்போதுதான் செய்யப்பட்டது. ஒரே பொட்டலத்தில் வெல்லமும் இருந்தது, வேம்பும் இருந்தது. ஒன்றை மாத்திரம் சொல்லுகிறவன் பாதி உண்மை சொல்லுகின்றான். இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். இதைச் செய்த பார்லிமெண்டு தற்காலிகப் பார்லிமெண்டு. வயது வந்தோர் எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலே அதற்குப் பிறகுதான் நடந்தது.

இனி 42-வது திருத்தம், 1976. நெருக்கடி நிலைமைக் காலம். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். பார்லிமெண்டின் ஆயுள் ஐந்து வருஷத்திலிருந்து ஆறாக நீட்டப்பட்டது. அதை 1978-ல் 44-வது திருத்தம் மறுபடியும் ஐந்தாக்கிற்று. சமதர்மம், மதச்சார்பின்மை என்ற சொற்கள் முகவுரையில் வந்ததும் இந்த 42-ல்தான். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜையின் கடமை என்று 51-ஏ ஷரத்து வந்ததும் இதில்தான். இவற்றையெல்லாம் மேடையில் சொல்லுகின்றார்கள். ஆனால் இரண்டாவது பட்டியலில் இன்ன எண் நீக்கப்படும், மூன்றாவது பட்டியலில் இன்ன எண் சேர்க்கப்படும் என்று அதே திருத்தத்தில் சில வரிகள் இருக்கின்றன. அவைதான் வீட்டுக்குள் புகுந்த வரிகள். இரண்டாவது பட்டியல் என்றால் மாகாணத்தின் அதிகாரம். மூன்றாவது என்றால் மாகாணத்துக்கும் மத்திய சர்க்காருக்கும் பொது. அங்கு இரண்டு சட்டமும் மோதினால் பொதுவாய் மத்திய சட்டமே நிற்கும். மாகாணப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கல்வி போயிற்று, காடும் போயிற்று. மருத்துவப் படிப்பின் நுழைவுத் தேர்வைப் பற்றி இன்று நடக்கின்ற வாதமெல்லாம் இந்தப் பட்டியல் கேள்வியில்தான் வந்து முட்டுகின்றது. காடு போனதைப் பற்றியோ, காட்டில் வாழுகிறவனிடத்தில் எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்குதான் நம் கல்வராயன் மலைக்கு வருகின்றோம். 1950-ல் சட்டம் வந்தது. 1948-ம் வருஷத்துச் சென்னை ஜமீன் ஒழிப்புச் சட்டம் முதல் திருத்தத்தினால் இரும்புப் பெட்டியில் பத்திரப்படுத்தப்பட்டது. 1971-ல் 26-வது திருத்தம் மைசூர், பரோடா மகாராஜாக்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தையும் ஒழித்தது. ஆனால் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற பட்டங்களோடு மூன்று ஜாகீர்தார்கள் 1976 வரையில் இந்த மலையை ஆண்டு வந்தார்கள். மகாராஜா போன பிறகும் ஜாகீர்தார் இருந்தார்! நாடெங்கும் சுதந்திரம் குறுக்கப்பட்ட அதே வருஷத்தில்தான் மலைக்குச் சர்க்கார் வந்து சேர்ந்தது. காட்டைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோன திருத்தம் நிறைவேறியதும் அதே வருஷம்.

ஓட்டுரிமையின் கதை இதைவிட மோசம். கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு கல்வராயன் மலைவாசிகளின் நிலைமையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கு எடுத்துக் கொண்டது. மலைவாசிகளுக்கு 1996-ல்தான் ஓட்டுரிமை கைக்கு வந்தது என்று அந்த விசாரணையில் எடுத்துச் சொல்லப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அப்படியானால் யோசித்துப் பாருங்கள். 326-வது ஷரத்து 1950-ல் 21 வயதுக்காரனுக்கு ஓட்டுக் கொடுத்தது. 61-வது திருத்தம் அதை 18 ஆக்கிற்று. கீழே சங்கராபுரத்தில் பேரன் 18 வயதில் ஓட்டுப் போடுகின்றான். மேலே 70 வயதுக் கிழவன் வாழ்நாளில் ஓட்டுச் சீட்டையே பார்த்ததில்லை. காகிதத்தில் இருவரும் சமம். சட்டம் மலை ஏறாததற்குப் பாதை இல்லாமை மாத்திரமா காரணம்? எது தனக்கு உரியது என்று தெரியாதவன் எதைக் கேட்பான்? கேட்காதவனுக்கு எந்த அதிகாரி வலிய வந்து கொடுப்பான்?

இப்போது இன்னும் இரண்டைப் பாருங்கள். 2019-ல் வந்த 103-வது திருத்தத்தைப் பத்திரிகைகள் எப்படிச் சுருக்கின? “ஏழைகளுக்குப் பத்துச் சதவீதம்.” எவ்வளவு அழகான சுருக்கம்! ஐந்தாவது கேள்வியைக் கேளுங்கள்: விட்டுப்போனது யார்? தாழ்த்தப்பட்டோர், மலைவாசிகள், பிற்பட்டோர் ஆகிய முன்னமே ஒதுக்கீட்டில் வரும் வகுப்பாரைத் தவிர்த்த ஏழைகளுக்கு என்பதுதான் சட்டத்தின் வாசகம். கல்வராயன் மலையில் கூரை ஒழுகும் வீட்டில் கிடக்கும் மலையாளி ஜாதிக்காரன் இந்தச் சட்டத்தின்படி அந்தப் பத்தில் சேர்ந்த ஏழை அல்ல! சுப்ரீம் கோர்ட்டு 2022 நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இது செல்லும் என்றது. செல்லட்டும், ஆனால் சுருக்கத்தில் விட்டுப்போன அந்த ஒரு வாக்கியம்தான் சட்டத்தின் உயிர் என்பதை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மற்றொன்று 76-வது திருத்தம், 1994. 1992-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒதுக்கீட்டுக்கு ஐம்பது என்று எல்லை கட்டிற்று. தமிழ்நாட்டின் 69 சதவீதச் சட்டத்தைக் காப்பாற்ற அதை ஒன்பதாவது அட்டவணையில் 257-ஏ என்ற எண்ணில் வைத்தார்கள். பிற்பட்டோருக்கு 30, மிகப் பிற்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, தாழ்த்தப்பட்டோருக்கு 18, மலைவாசிகளுக்கு 1. இனி எந்தக் கோர்ட்டும் இதைத் தொட முடியாது என்று மேடையில் சிலர் மார்தட்டுகின்றார்கள். அது வாஸ்தவமல்ல. 1973 ஏப்ரல் 24-ந் தேதிக்குப் பின் அந்தப் பெட்டியில் வைத்த சட்டங்களையும் கோர்ட்டு திறந்து பார்க்கலாம் என்று 2007-ல் ஒன்பது நீதிபதிகள் சொல்லியிருக்கின்றார்கள். பூட்டிய பெட்டி என்று நம்பித் தூங்குகிறவன் விழிக்கும்போது பெட்டி திறந்து கிடக்கும். கசப்பான சங்கதியையும் சேர்த்துச் சொல்லுவதுதான் யோக்கியமான பிரசாரம்.

நான்காவது கேள்வி: எந்தத் தேதி முதல்? 6 முதல் 14 வயது வரையில் இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்று 86-வது திருத்தம் 2002-ல் நிறைவேறிற்று. அமுலுக்கு வந்ததோ 2010 ஏப்ரல் முதல் தேதி. அந்த ஏழெட்டு வருஷத்தில் ஆடு மேய்க்கப் போன குழந்தைக்கு யார் ஈடு கொடுப்பது? பெண்களுக்குச் சட்டசபையிலும் மக்கள் சபையிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 106-வது திருத்தம் 2023-ல் நிறைவேறிற்று. கொண்டாடினார்கள். ஆனால் அப்போது நிறைவேறிய வாசகப்படி, முதலில் ஜனத்தொகைக் கணக்கு, பிறகு தொகுதி மறுவரையறை, அதற்குப் பிறகே இடம். இலை போட்டாகிவிட்டது, சோறு பிறகு வரும் என்பது போல! பெண்மக்கள் இந்தத் தேதி விஷயத்தை விடாமல் கேட்க வேண்டும்.

நிற்க, மலைவாசிக்கு உபயோகமான திருத்தமே இல்லையா என்றால், இருக்கின்றது. அது 73-வது திருத்தம். 1993 ஏப்ரல் 24 முதல் அமுலில் இருப்பது. கிராம சபை என்பது இதனால் சட்டபூர்வமானது. தாழ்த்தப்பட்டோருக்கும் மலைவாசிகளுக்கும் ஜனத்தொகைப்படி இடம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம். தமிழ்நாட்டில் 2016-ல் அதைப் பாதியாக்கினார்கள். ஆனால் இங்கும் ஒரு முடிச்சு உண்டு. மத்திய இந்தியாவில் மலைவாசிகள் நிறைந்த பிரதேசங்கள் பல ஐந்தாவது அட்டவணைப் பிரதேசங்கள் என்று அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே 1996-ம் வருஷத்துத் தனிச் சட்டத்தினால் கிராம சபைக்கு அதிக பலம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பிரதேசமும் அறிவிக்கப்படவில்லை; கல்வராயனும் இல்லை. இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டியதில்லை. ஜனாதிபதியின் உத்தரவு போதும். ஆனால் கேட்பவன் யார்? ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்? அது வரும் வரையிலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்திற்கு அட்டவணைப் பிரதேசம் என்ற நிபந்தனை கிடையாது. அதன்படி உரிமை கோரும் மனு முதலில் வரவேண்டிய இடம் கிராம சபைதான்.

“சட்டம் நுட்பமான விஷயம், பாமரனுக்குச் சுருக்கிச் சொன்னால் தப்பாக அர்த்தம் செய்து கொள்வான்” என்று சில படித்த கனவான்கள் சொல்லுகின்றார்கள். நாம் கேட்கின்றோம்: சொல்லாமல் விட்டால் சரியாக அர்த்தம் செய்து கொள்வானா? இன்று கைப்பேசியில் ஒரு நாளைக்கு நூறு துணுக்குகள் வந்து விழுகின்றன. ஒதுக்கீடு நாளையோடு போய்விட்டது என்கிறது ஒன்று. இல்லாத திருத்தத்திற்கு எண் கொடுத்துப் பயங்காட்டுகிறது இன்னொன்று. உண்மையான சுருக்கம் இல்லாத இடத்தில் புரட்டுச் சுருக்கம் வந்து உட்கார்ந்து கொள்ளுகின்றது. சுருக்குவது தப்பல்ல, யாருக்கு, எப்போது, யாரை நீக்கி என்பதை விழுங்கிவிட்டுச் சுருக்குவதுதான் தப்பு.

பாஷையின் விஷயத்தையும் கவனியுங்கள். 1987-ல் 58-வது திருத்தம் என்று ஒன்று செய்து, அரசியல் சட்டத்தின் இந்தி வாசகத்திற்கு அதிகாரம் கொடுத்து 394-ஏ என்ற ஷரத்தைச் சேர்த்தார்கள். தமிழுக்கென்று அப்படி ஒரு ஷரத்து அரசியல் சட்டத்தில் இல்லை. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை தீர்மானம் செய்தது. என்றாலும், நம் பேரால் எழுதப்பட்ட சட்டத்தை நம் வழக்கு நடக்கின்ற பெரிய கோர்ட்டில் நம் பாஷையில் வாதிக்கும் உரிமை அந்தத் தீர்மானத்தால் வந்து சேரவில்லை. புரியாத பாஷையில் நடக்கின்ற எதுவும் நம்மிடத்தில் தட்சணை வாங்காமல் விடாது.

ஆகவே தோழர்களே, நாம் சொல்லுவது இதுதான். ஒவ்வொரு படிப்பகத்திலும் வாரத்திற்கு ஒரு திருத்தத்தை எடுத்துக் கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர் கேள்வி கேட்கட்டும். பழையது என்ன, புதியது என்ன, யாருக்கு, எப்போது, விட்டுப்போனது யார் என்ற ஐந்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகின்றதல்லவா? அங்கே எழுந்து நின்று, 73-வது திருத்தப்படி எங்கள் ஊருக்கு வரவேண்டியது எது, வந்தது எது என்று கணக்குக் கேளுங்கள். ஐந்தாவது அட்டவணையில் எங்கள் மலையைச் சேர்க்க வேண்டும் என்று கல்வராயன் மலைக் கிராமங்கள் ஒவ்வொன்றும் தீர்மானம் போட்டுச் சென்னைக்கும் டில்லிக்கும் அனுப்பட்டும். கீழ்நாட்டுத் தோழர்கள் அதற்கு எழுத்து வேலையும் துணையும் செய்யட்டும்.

கடவுள் எழுதியதாகச் சொல்லப்பட்டவற்றையே ஏன், எதற்கு என்று கேட்டவர்கள் நாம். மனிதன் எழுதி, மனிதன் 106 தடவை திருத்தியதைக் கேட்கத் தயங்கலாமா? அடுத்த திருத்தம் வரும்போது அது நிறைவேறிய பிறகு பத்திரிகையில் பார்த்துக் கொள்ளுவோம் என்று இருக்காதீர்கள். மசோதாவாக இருக்கும்போதே வாங்கிப் படியுங்கள். நம் தொகுதி மெம்பர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று அவரையே கேளுங்கள். நம் பேரால் எழுதப்பட்ட பத்திரத்தை நாம் படிக்காவிட்டால், வேறொருவன் தனக்கு வேண்டியபடி படித்துக் காட்டிவிட்டுப் போவான்.